வீட்டைவிட்டு வந்தவர்களின் வீடு

(உலக மறைபரப்பு ஞாயிறை முன்னிட்டு வானொலியில் ஒலிபரப்பான மறையுரை, நம் பங்கு மக்களுக்காக எழுத்து வடிவில்)



அக்டோபர் மாதத்தின் கடைசிக்கு முந்தைய ஞாயிறன்று உலக மறைபரப்பு ஞாயிறைச் சிறப்பிக்கிறோம். 1926ஆம் ஆண்டு திருத்தந்தை பதினோராம் பயஸ் ஏற்படுத்திய நாள் இது. இந்த ஞாயிறன்று கோவிலில் காணிக்கை எடுப்போம், மறைபரப்புப் பணியாளர்களுக்காக மன்றாடுவோம். 'மறைபரப்புப் பணியாளர்' என்று சொன்னதும் நம் மனக்கண் முன் வருபவர்கள் யார்? கடற்கரையில் சிலுவையை உயர்த்திப் பிடித்து நிற்கும் புனித பிரான்சிஸ் சவேரியார். ஓரியூர் மணலில் இரத்தம் சிந்திய புனித அருளானந்தர். தேம்பாவணி பாடிய வீரமாமுனிவர். மதுரையில் காவி உடுத்தி வாழ்ந்த தத்துவ போதகர்.

இவர்கள் அனைவரும் துறவியர். தாய்நாட்டை விட்டு வந்தபோது இவர்கள் கையில் விவிலியம் இருந்தது, மனதில் இறைவன் இருந்தார். இடுப்பில் குழந்தை இருக்கவில்லை. ஆனால், இடுப்பில் குழந்தையோடும், பெட்டியில் பால்புட்டியோடும், பக்கத்தில் மனைவியோடும் கடல் கடந்து இறைப்பணிக்கு வந்தவர்கள் உண்டு. அந்தக் குடும்பங்களின் அன்றாட வாழ்வு எப்படி இருந்தது, அதிலிருந்து நம் குடும்பங்கள் என்ன கற்றுக்கொள்ளலாம் என்பதைப் பற்றி இன்று சிந்திப்போம்.

இந்தச் சிந்தனை என் மனதில் எழுந்தது ஒரு வீட்டில். சில மாதங்களுக்கு முன், திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் உள்ள அடி அண்ணாமலையில், ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தைச் சந்திக்கச் சென்றிருந்தேன். அன்று பௌர்ணமி. வாசலுக்கு வெளியே சாலை நிறைய மக்கள், வெறுங்காலோடு மலையைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார்கள். உள்ளே மாலைச் செபம். மாதா சுரூபத்தின் மேல் ஒரு கைப்பேசியைச் சாய்த்து வைத்திருந்தார்கள். குவைத்தில் வேலை பார்க்கும் அந்த வீட்டுத் தலைவர், அந்தச் சின்னத் திரையில் இருந்தபடியே செபமாலை சொன்னார். எனக்கு மிகவும் நெகிழ்ச்சியாக இருந்தது. செபம் முடிந்ததும், இரண்டாம் வகுப்பு படிக்கும் பையன், ஒரு வார்த்தையும் பேசாமல் எழுந்து வெளியே போய்விட்டான். பாட்டி என்னிடம் சொன்னார்: "மூணு நாளா அப்பங்கிட்ட பேசமாட்டேங்கறான் சாமி. லீவுக்கு வரேன்னு சொன்னான், வர முடியல. அந்தக் கோவம்."

நேயர்களே, அந்தச் சிறுவனின் கோபம் புதிதல்ல. ஏறக்குறைய 140 ஆண்டுகளுக்கு முன், ஒரு சிறுமிக்கும் அதே கோபம் வந்தது. அவள் வளர்ந்து, நம் வட ஆற்காட்டு மண்ணுக்கே திரும்பி வந்தாள். அவளுடைய கதைக்கு வருவதற்கு முன், விவிலியத்தில் இரண்டு குடும்பங்களைப் பார்ப்போம்.

எகிப்தில் ஒரு வீடு, எபேசில் ஒரு வீடு

வெளிநாட்டில் வாழ்ந்த முதல் கிறிஸ்தவக் குடும்பம் எது? அது திருக்குடும்பமே. மத்தேயு நற்செய்தி இரண்டாம் பிரிவில், ஏரோதின் வாளுக்குத் தப்பி, யோசேப்பு இரவோடு இரவாகக் குழந்தையையும் தாயையும் அழைத்துக்கொண்டு எகிப்துக்குப் போகிறார். அங்கு யோசேப்புக்கு என்ன வேலை கிடைத்தது, மரியா எந்தக் கிணற்றில் தண்ணீர் எடுத்தார், பக்கத்து வீட்டாரிடம் எந்த மொழியில் பேசினார் என்பதையெல்லாம் நற்செய்தி சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதிலும் ஒரு செய்தி இருக்கிறது. உலகை மீட்க வந்தவர், அந்நிய மண்ணில், யாருடைய கவனத்தையும் ஈர்க்காத ஒரு சாதாரண வீட்டில் சில காலம் வளர்ந்தார்.

இரண்டாவது குடும்பம், அக்கிலா – பிரிஸ்கில்லா தம்பதியர். திருத்தூதர் பணிகள் நூலின் 18ஆம் பிரிவு இவர்களை நமக்கு அறிமுகம் செய்கிறது. அக்கிலா, போந்து நாட்டைச் சேர்ந்த யூதர். யூதர்கள் அனைவரும் உரோமையைவிட்டு வெளியேற வேண்டும் என்று கிலவுதியு பேரரசர் ஆணையிட்டதால், கணவனும் மனைவியும் கொரிந்துக்கு வந்து சேர்ந்தவர்கள். கூடாரம் செய்வது அவர்கள் தொழில். புனித பவுலுக்கும் அதே தொழில் தெரியும். எனவே, பவுல் அவர்கள் வீட்டில் தங்கி, அவர்களோடு சேர்ந்து வேலை செய்தார். பின்னர் இத்தம்பதியர் பவுலோடு எபேசுக்குப் போனார்கள். அங்கு, நாவன்மை மிக்க அப்பொல்லோ பேசுவதைக் கேட்டார்கள். அவருக்குத் தெரியாதது இன்னும் இருப்பதைக் கண்டு, பலர் முன் அவரைத் திருத்தாமல், தனியே அழைத்துச் சென்று விளக்கினார்கள்.

பவுல் தம் மடல்களில் இவர்களை வாழ்த்தும்போது, இவர்கள் வீட்டில் கூடும் திருஅவையையும் சேர்த்தே குறிப்பிடுகிறார். அக்காலத்தில் கோவில் கட்டடம் கிடையாது. தோலும் ஊசியும் நூலும் கிடந்த அந்தக் கூடம்தான் ஆலயம். பகலில் பட்டறை, இரவில் திருப்பலி. இந்த வழியைத்தான் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964ஆம் ஆண்டு, திருஅவையைப் பற்றிய தன் கொள்கை விளக்கத்தில் நினைவுபடுத்தி, குடும்பத்தை 'இல்லத் திருஅவை' என்று அழைத்தது. குடும்பம் ஒரு குட்டித் திருஅவை என்று நாம் அடிக்கடி சொல்வது இதைத்தான். 1981ஆம் ஆண்டு புனித இரண்டாம் யோவான் பவுல், குடும்பம் பற்றி எழுதிய திருத்தூது ஊக்க உரையில், அக்கிலா – பிரிஸ்கில்லாவை மறைபரப்பும் தம்பதியருக்கு முன்மாதிரியாகச் சுட்டிக்காட்டினார்.

கப்பலில் வந்த குடும்பம்

இனி நம் மண்ணுக்கு வருவோம். திருவண்ணாமலையில் டேனிஷ் மிஷன் பள்ளியைத் தெரியாதவர் இல்லை. டென்மார்க் நாட்டிலிருந்து வந்த லுத்தரன் சபையினரின் பணியை அந்தப் பெயரே இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது. நம் ஊரிலிருந்து வடக்கே ஏறக்குறைய 80 கிலோமீட்டர் போனால், வேலூர். அங்கு சி.எம்.சி. மருத்துவமனை. நம் பங்கில் அந்த மருத்துவமனைக்குப் போகாத குடும்பத்தை எண்ணிவிடலாம். அந்த மருத்துவமனைக்குப் பின்னால் ஒரு குடும்பத்தின் நான்கு தலைமுறை வாழ்வு இருக்கிறது. அவர்கள் நம் கத்தோலிக்கத் திருஅவையைச் சேர்ந்தவர்கள் அல்லர். ஆயினும், கிறிஸ்துவில் நம் உடன்பிறப்புகள். அவர்களிடமிருந்து கற்றுக்கொள்வதில் நமக்குத் தயக்கம் தேவையில்லை.

ஜான் ஸ்கடர் என்பவர் நியூயார்க் நகரில் நல்ல பெயரெடுத்த இளம் மருத்துவர். நோயாளி ஒருவரைப் பார்க்கப் போன வீட்டில் கிடைத்த சிறு நூல் ஒன்று அவர் மனதைப் புரட்டியது. 1819ஆம் ஆண்டு ஜூன் மாதம், மனைவி ஹாரியட்டோடும், சின்னஞ்சிறு மகள் மரியாவோடும் அவர் கப்பலேறினார். கல்கத்தா வந்து சேர அக்டோபர் ஆகிவிட்டது. கரை இறங்கிய சில நாட்களிலேயே குழந்தை மரியா இறந்துபோனாள். அந்நிய நாட்டில் அவர்கள் செய்த முதல் காரியம், பெற்ற மகளை அடக்கம் செய்தது.

சகோதரரே, சகோதரிகளே, நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? அடுத்த கப்பலில் திரும்பிப் போயிருப்போம். அவர்கள் யாழ்ப்பாணம் நோக்கிப் போனார்கள். அங்கும் அடுத்தடுத்துப் பிறந்த குழந்தைகளைப் பறிகொடுத்தார்கள். பண்டத்தரிப்பில் தங்கி, ஜான் மருத்துவம் பார்த்தார், பள்ளிகள் நடத்தினார். 1836ஆம் ஆண்டு குடும்பம் சென்னைக்கு வந்தது. 1849ஆம் ஆண்டு ஹாரியட் அங்கேயே கண்மூடினார். முப்பது ஆண்டுகள் இந்த மண்ணில் சமைத்து, பிள்ளை பெற்று, பிள்ளைகளைப் புதைத்து, பிள்ளைகளை வளர்த்தவர் அவர். மருத்துவர் ஜானின் பெயர் நூல்களில் பெரிதாக இருக்கிறது. ஹாரியட் செய்தது என்ன என்று கேட்டால், சொல்வதற்கு 'வீடு' என்ற ஒரே சொல்தான். ஆனால், அந்த வீட்டிலிருந்துதான் ஏழு மகன்கள் இறைப்பணிக்கு இந்தியா வந்தார்கள். அவர்களில் ஹென்றி, வில்லியம், ஜோசப் ஆகிய மூவர் சேர்ந்து 1853ஆம் ஆண்டு ஆற்காடு மிஷனைத் தொடங்கினார்கள்.

அன்றாட வாழ்வில் நான்கு பாரங்கள்

இப்படி வந்த குடும்பங்களுக்கு அன்றாட வாழ்வில் நான்கு பாரங்கள் இருந்தன.

முதல் பாரம், மொழி. கணவருக்குத் தமிழ் கற்பிக்க முன்ஷி வருவார். மனைவியோ, சமையல்காரரிடமும், ஆயாவிடமும், வாசலில் காய்கறி விற்கும் பெண்ணிடமும் பேசிப் பேசித்தான் கற்க வேண்டும். ஆனால், இந்த மண்ணிலேயே பிறந்த பிள்ளைகளுக்கு மொழி தானாக வந்தது. இதற்கு அழகான எடுத்துக்காட்டு, எலைசா மால்ட். நாகர்கோவிலில் மிஷனரிப் பெற்றோருக்கு மகளாகப் பிறந்து, தமிழ் கேட்டே வளர்ந்தவர் அவர். 1844ஆம் ஆண்டு அவரை மணந்தவர் இராபர்ட் கால்டுவெல். ஆம், திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய அதே கால்டுவெல். ஏட்டுத் தமிழைக் கற்றிருந்த கணவருக்கு, இடையன்குடி மக்கள் பேசும் வீட்டுத் தமிழ் மனைவியின் வாயிலிருந்து கிடைத்தது.

இரண்டாவது பாரம், நோய். காலரா, மலேரியா, சீதபேதி ஆகியவை வீட்டு வாசலிலேயே நின்றன. கல்லறைத் தோட்டங்களில் உள்ள பழைய கற்களைப் பாருங்கள். பெரியவர்களின் கல்லுக்குப் பக்கத்தில் சின்னச் சின்னக் கற்கள் இருக்கும். கோடைகாலத்தில் பிள்ளைகளைக் கொடைக்கானல் போன்ற மலைகளுக்கு அழைத்துப் போனது, உல்லாசத்துக்காக மட்டும் அல்ல, உயிர் பிழைக்கவும்தான்.

மூன்றாவது பாரம், தொலைவு. 1869ஆம் ஆண்டு சூயஸ் கால்வாய் திறக்கப்படும் முன், ஆப்பிரிக்காவைச் சுற்றித்தான் கப்பல் வர வேண்டும். ஒரு கடிதம் எழுதிப் பதில் பெற ஏறக்குறைய ஓர் ஆண்டு ஆகலாம். "அம்மாவுக்கு உடம்பு சரியில்லை" என்ற கடிதம் கைக்கு வரும்போது, அந்த அம்மா குணமாகியிருப்பார், அல்லது அடக்கமாகியிருப்பார். அந்த ஆறு மாதமும் அவருக்காகச் சொன்ன செபம் எல்லாம் இருட்டில் சொன்ன செபம். கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசும் நமக்கு இதை நினைத்துப் பார்ப்பதே கடினம்.

நான்காவதுதான் மிகப் பெரிய பாரம். பிள்ளைகள் கொஞ்சம் வளர்ந்ததும், படிப்புக்காகவும் உடல்நலத்துக்காகவும் அவர்களைத் தாய்நாட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பல ஆண்டுகள் பார்க்க முடியாது. பண்டத்தரிப்பில் பிறந்த ஹென்றி, பத்து வயதில் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டவர். ஊர் மக்களின் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தியவர்கள், தங்கள் பிள்ளைகளை விட்டுப் பிரிந்திருந்தார்கள். இந்த வேதனையிலிருந்து அவர்களே பாடம் கற்றார்கள். மிஷனரிகளின் பிள்ளைகள் பெற்றோருக்கு அருகிலேயே படிக்கட்டும் என்று 1901ஆம் ஆண்டு கொடைக்கானலில் ஒரு பள்ளி தொடங்கினார்கள். அது இன்றும் நடக்கிறது.

ஒரு தலையணை

இப்போது, நான் முதலில் சொன்ன அந்தச் சிறுமியிடம் வருவோம்.

ஜான் ஸ்கடரின் மகன்களில் இளையவருக்கும் ஜான் என்றே பெயர். அவரும் மருத்துவர். அவருக்கும் சோஃபியாவுக்கும் 1870ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்தவள் ஐடா. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தை அவள் குழந்தையாகப் பார்த்தாள். பசியால் கையைத் தூக்கவும் முடியாத குழந்தைகளுக்கு, ரொட்டியைப் பிட்டு வாயில் வைக்கும் வேலை, வீட்டின் கடைக்குட்டியான அவளுக்கும் கொடுக்கப்பட்டது. அந்தச் சின்ன விரல்கள் பார்த்த முதல் இறைப்பணி அது.

1878ஆம் ஆண்டு குடும்பம் அமெரிக்காவுக்குப் போனது. சில ஆண்டுகளில் தந்தை இந்தியாவுக்குத் திரும்பினார். பிறகு, 1883ஆம் ஆண்டு, தாயும் புறப்பட வேண்டி வந்தது. ஐடாவை, சிகாகோவில் இருந்த பெரியப்பா ஹென்றியின் வீட்டில் விட்டுப் போனார்கள். பத்து வயதில் பெற்றோரைப் பிரிந்த அதே ஹென்றிதான். தாய் புறப்பட்ட இரவில், ஐடா தாயின் படுக்கையறைக்கு ஓடி, தாய் தலை வைத்துப் படுத்த தலையணையில் முகம் புதைத்து அழுதாள் என்று அவரது வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். அன்று அவளுக்குத் துயரம் மட்டும் இல்லை, கோபமும் இருந்தது. என் அம்மாவை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டது இந்த மிஷன் வேலைதான், நான் ஒருநாளும் மிஷனரி ஆகமாட்டேன் என்று அவள் முடிவு செய்தாள்.

அடி அண்ணாமலையில், கைப்பேசியிடம் பேசாமல் எழுந்து போன அந்தச் சிறுவனை இப்போது நினைத்துப் பாருங்கள்.

மூன்று முறை தட்டப்பட்ட கதவு

1890ஆம் ஆண்டு, தாய் சோஃபியா உடல்நலம் குன்றியிருக்கிறார் என்ற செய்தி வந்தது. பெற்றோர் அப்போது திண்டிவனத்தில் இருந்தார்கள். தாயைப் பார்த்துக்கொள்ளத்தான் ஐடா வந்தாள். கொஞ்ச நாள் இருந்துவிட்டு, அமெரிக்காவுக்குப் போய், திருமணம் செய்துகொண்டு, வசதியாக வாழ வேண்டும் என்பது அவள் எண்ணம்.

ஒரு நாள் இரவு, வீட்டின் கதவு தட்டப்பட்டது. பிராமண இளைஞர் ஒருவர் நின்றார். அவரது இளம் மனைவி, பிரசவ வேதனையில் துடித்துக்கொண்டிருந்தாள். "நான் மருத்துவர் இல்லை, என் அப்பாதான் மருத்துவர்" என்றாள் ஐடா. ஓர் ஆண் வந்து தன் மனைவியைப் பார்க்க அவர் சம்மதிக்கவில்லை. அது அன்றைய வழக்கம். அவர் திரும்பிப் போனார். மீண்டும் கதவு தட்டப்பட்டது. இம்முறை ஒரு முஸ்லிம். அதே வேண்டுகோள், அதே பதில். மூன்றாவது முறையும் தட்டப்பட்டது. வந்தவர் மற்றோர் இந்துக் குடும்பத்தவர். மூவரும் வெறுங்கையோடு போனார்கள். விடிந்தபோது சாவு மேளம் கேட்டது. அந்த மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள்.

தந்தையிடம் திறமை இருந்தது, போக முடியவில்லை. மகள் போயிருக்கலாம், திறமை இல்லை. இந்த இடைவெளியில் மூன்று உயிர்கள் போயின. அந்த இரவு அவளது வாழ்வைத் திருப்பியது. அமெரிக்காவில் மருத்துவம் படித்து, 1899ஆம் ஆண்டு கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1900ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வேலூருக்கு வந்தார். சில மாதங்களில் தந்தை இறந்துபோனார். வீட்டிலேயே ஒரு சிறிய அறையில் மருத்துவம் தொடங்கினார். தொடக்கத்தில் அவருக்கு உதவியாக நின்றவர், பயிற்சி பெற்ற செவிலியர் அல்ல. அந்த வீட்டுப் பட்லரின் மனைவிதான். 1902ஆம் ஆண்டு நாற்பது படுக்கைகளோடு மருத்துவமனை எழுந்தது. 1909ல் செவிலியர் பயிற்சி, 1918ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. 1960ஆம் ஆண்டு மே 24ஆம் நாள், கொடைக்கானலில் அவர் இறந்தார். ஒருகாலத்தில் தலையணையில் அழவைத்த அந்தத் தாய், 1925 வரை உயிரோடு இருந்து, மகளின் பணியைக் கண்ணாரக் கண்டார்.

இதே தேவையை நம் கத்தோலிக்கத் திருஅவையிலும் சிலர் உணர்ந்தார்கள். இராவல்பிண்டியில் பணியாற்றிய ஆஸ்திரிய நாட்டு மருத்துவர் அன்னா டெங்கல், ஆண் மருத்துவர் நுழைய முடியாத வீடுகளில் தாய்மார்கள் இறப்பதைக் கண்டு, 1925ஆம் ஆண்டு மருத்துவ மறைபரப்புச் சகோதரிகள் குழுவைத் தொடங்கினார். துறவு வாக்கு கொடுத்த சகோதரிகள் மகப்பேறு மருத்துவம் செய்யலாம் என்று 1936ஆம் ஆண்டு உரோமை அனுமதி வழங்கியது. கதவு தட்டப்படும் ஓசை, எல்லாச் சபைகளுக்கும் ஒன்றுதான்.

நமக்கு என்ன செய்தி?

முதலாவதாக, அந்த மூன்று பேர் அந்தக் கதவை ஏன் தட்டினார்கள்? அவர்களில் ஒருவரும் கிறிஸ்தவர் இல்லை. ஆனால், நள்ளிரவிலும் தட்டக்கூடிய வீடு இது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த நம்பிக்கை, மேடையில் பேசிய மறையுரையால் மட்டும் வந்ததல்ல. பக்கத்து வீட்டுச் சாவுக்குப் போனது, காய்ச்சல் கண்ட குழந்தைக்குக் கஞ்சி கொடுத்தது, வேலைக்காரரிடம் மரியாதையாகப் பேசியது, கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் நடத்திய விதம், இவற்றையெல்லாம் ஊர் பார்த்துக்கொண்டே இருந்தது. நம்மில் பலர், நம்மைப்போல் நம்பாத அண்டை வீட்டாருக்கு நடுவில்தான் வாழ்கிறோம். அடி அண்ணாமலையில் பொங்கலுக்கு அவர்கள் வீட்டுப் பொங்கல் நமக்கு வருகிறது, கிறிஸ்மஸ் பலகாரம் அவர்கள் வீட்டுக்குப் போகிறது. பௌர்ணமி இரவில், 14 கிலோமீட்டர் நடந்து களைத்து வருபவருக்கு ஒரு செம்புத் தண்ணீர் கொடுக்கிறோம். ஒரு குவளைத் தண்ணீரும் கைம்மாறு பெறாமல் போகாது என்று ஆண்டவர் சொன்னது நமக்குத் தெரியும். நமது கதவு நள்ளிரவில் தட்டக்கூடிய கதவா? இதை நமக்கு நாமே கேட்டுக்கொள்வோம்.

இரண்டாவதாக, இறை அழைத்தல் பரம்பரைச் சொத்து அல்ல. நிலத்தை எழுதிவைக்கலாம், நகையைக் கொடுத்துவிட்டுப் போகலாம், அழைத்தலை எழுதிவைக்க முடியாது. ஐடாவின் தாத்தா மிஷனரி, அப்பா மிஷனரி, பெரியப்பாக்கள் மிஷனரிகள். ஆனாலும் அவள் 'மாட்டேன்' என்றாள். அவளை மாற்றியது பெற்றோரின் கட்டாயம் அல்ல. அடுத்தவரின் துயரத்தை அவளே நேரில் பார்த்தது. "என் பையன் குருமடத்துக்குப் போயே ஆகணும்", "என் பொண்ணு டாக்டர் ஆகியே தீரணும்" என்று வற்புறுத்தும் பெற்றோர் இதைச் சிந்திக்க வேண்டும். பிள்ளையின் காதில் அழைப்பை ஊத நம்மால் முடியாது. அழைப்பு கேட்கும் இடத்தில் பிள்ளையை வளர்க்க முடியும். பஞ்சத்தில் ரொட்டி பிட்டுக் கொடுத்த விரல்கள்தான், பின்னர் அறுவைசிகிச்சை செய்தன.

மூன்றாவதாக, பிரிவுக்கு விலை உண்டு. அந்த விலையில் ஒரு பங்கைப் பிள்ளைகள் கொடுக்கிறார்கள், அவர்களைக் கேட்காமலேயே. இதை நாம் மறைக்கக் கூடாது. தமக்காக வீட்டையும் பெற்றோரையும் பிள்ளைகளையும் விட்டவர்கள் நூறு மடங்கு பெறுவார்கள் என்று மாற்கு நற்செய்தியின் பத்தாம் பிரிவில் ஆண்டவர் வாக்களிக்கிறார். அதே புதிய ஏற்பாட்டில், தம் வீட்டாரைக் கவனிக்காதவர் நம்பிக்கையை மறுத்தவர் என்று திமொத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதல் மடல் கடுமையாகச் சொல்கிறது. இரண்டும் இறைவார்த்தைதான். ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றொன்றை விட்டுவிட முடியாது. கொடைக்கானலில் பள்ளி தொடங்கியவர்கள் இரண்டையும் பிடித்துக்கொள்ள முயன்றவர்கள்.

நம் மறைமாவட்டக் குடும்பங்களில் எத்தனை பேர் வளைகுடாவிலும், சிங்கப்பூரிலும், பெங்களூரிலும், திருப்பூரிலும் இருக்கிறார்கள்! அவர்கள் போனது மறைபரப்ப அல்ல, பிழைக்க. அக்கிலாவும் பிரிஸ்கில்லாவும்கூட முதலில் மறைபரப்பப் போகவில்லை. துரத்தப்பட்டுப் போனார்கள், போன இடத்தில் கூடாரம் தைத்தார்கள், அங்கே வீட்டைத் திறந்து வைத்தார்கள். வெளிநாட்டில் உழைக்கும் நம் சகோதரர்களும், ஒரே அறையில் தங்கும் பிற மதத்து நண்பர்களோடு நேர்மையாக வாழ்ந்தால், உடன் வேலை செய்பவர் நோயுறும்போது உடன் இருந்தால், அந்த அறையும் ஓர் இல்லத் திருஅவைதான்.

இங்கே வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை கோபப்பட்டால், "அப்பா உனக்காகத்தானே கஷ்டப்படுறாரு" என்று சொல்லி வாயை அடைத்துவிடாதீர்கள். அது உண்மைதான். ஆனாலும், அந்தக் கோபம் அன்பின் மறுபக்கம். அதைக் கேளுங்கள். வர முடியாது என்று தெரிந்தால், 'வருகிறேன்' என்று சொல்லாதீர்கள். கொடுத்த வார்த்தையைக் காப்பாற்றும் தந்தையைப் பார்த்துத்தான், வாக்கு மாறாத விண்ணகத் தந்தையைப் பிள்ளை புரிந்துகொள்ளும்.

கடல் கடக்காத மறைபரப்பாளர்

இறுதியாக, ஒரு குடும்பம். பிரான்ஸ் நாட்டில் லூயி மார்ட்டின், செலி என்ற தம்பதியர் வாழ்ந்தார்கள். கணவர் கடிகாரம் செய்தார், மனைவி பின்னல் வேலை செய்தார். ஒன்பது குழந்தைகள் பிறந்து, நான்கு பேரைச் சிறு வயதிலேயே இழந்தார்கள். எந்த நாட்டுக்கும் மறைபரப்பப் போகவில்லை. அவர்களின் கடைசி மகள், லிசியே நகரின் கார்மேல் மடத்தின் நான்கு சுவர்களுக்குள் வாழ்ந்து, 24 வயதில் இறந்தார். அவர்தான் புனித குழந்தை இயேசுவின் தெரேசா. 1927ஆம் ஆண்டு, புனித சவேரியாரோடு சேர்த்து, அவரை மறைபரப்பு நாடுகளின் பாதுகாவலியாகத் திருஅவை அறிவித்தது. ஆயிரக்கணக்கான மைல் கடந்தவருக்குப் பக்கத்தில், மடத்தைவிட்டு வெளியே வராதவர்! அவரது பெற்றோரை, 2015ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் நாள், திருத்தந்தை பிரான்சிஸ் புனிதர்களாக உயர்த்தினார். அன்று உலக மறைபரப்பு ஞாயிறு.

எனவே, அன்பார்ந்தவர்களே, மறைபரப்பு ஞாயிறன்று காணிக்கை உறையோடு நம் கடமை முடிந்துவிடுவதில்லை. வீட்டுக்குத் திரும்பியதும் அது தொடங்குகிறது. சாப்பிடும்போது நாம் பேசும் பேச்சில், அண்டை வீட்டாருக்குத் திறக்கும் கதவில், தொலைவில் இருப்பவருக்குக் கொடுக்கும் வார்த்தையில் அது தொடர்கிறது.

அந்த அடி அண்ணாமலைச் சிறுவனைப் பற்றி ஒன்று சொல்லி முடிக்கிறேன். அன்று நான் புறப்படும்போது, அவன் வாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஒரு குடம், கையில் ஒரு செம்பு. நடந்து வந்த ஒரு வயதான அம்மாவுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். "உங்க அப்பாவும் இப்படிச் செய்வாரா?" என்று கேட்டேன். "அப்பா இருந்தா அவருதான் ஊத்துவாரு" என்றான். அவனுடைய கோபம் இன்னும் தீரவில்லை. ஆனாலும், அப்பாவின் வேலையை அவன் செய்துகொண்டிருந்தான்.

மன்றாடுவோம். அந்நிய மண்ணில் வாழ்ந்த திருக்குடும்பத்தின் ஆண்டவரே, உமது பணிக்காகவும், பிழைப்புக்காகவும் வீட்டைவிட்டு வெகுதொலைவில் வாழும் அனைவரையும் காத்தருளும். அவர்களுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளின் கண்ணீரையும் கோபத்தையும் நீரே ஏற்றுக்கொள்ளும். எங்கள் வீடுகளை, எவரும் எந்நேரமும் தட்டக்கூடிய வீடுகளாக மாற்றியருளும். ஆமென்.